வினிகர் டெஸ்ட்டுல வெள்ளையா தெரிஞ்சா என்ன பண்றது? கர்ப்பப்பை வாய் கேன்சர் பத்தி ஊர்ல கேக்கற கேள்விகள்

நான் டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. திண்டுக்கல் மாவட்டத்துல ஒட்டன்சத்திரம் பக்கம் மகளிர் குழுவுக்கு கணக்கு எழுதற ஆளு. பிஎச்சில, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, கேம்ப் போட்டா பொம்பளைங்கள கூட்டிட்டு போற வேலை என் தலைல விழுந்து பல வருஷம் ஆச்சு. போற வழில, மார்க்கெட்ல வெங்காயம் தரம் பிரிக்கறப்போ, நூறு நாள் வேலைல மர நிழல்ல உக்காந்து டீ குடிக்கறப்போன்னு இதே கேள்விங்கதான் திரும்ப திரும்ப வருது. நர்ஸம்மாகிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டது, கூட போய் பாத்தது, தேடி படிச்சது எல்லாத்தையும் சேத்து எழுதி வைக்கறேன்.

அது என்ன டெஸ்ட்டு? வலிக்குமா?

படுக்க வச்சு, பிரசவத்துக்கு செக் பண்ற மாதிரியே ஒரு கருவி வச்சு விரிச்சு, கர்ப்பப்பையோட வாய் தெரியற மாதிரி பண்ணுவாங்க. அப்புறம் பஞ்சுல அசிட்டிக் ஆசிட் தொட்டு அது மேல வைப்பாங்க. ஆசிட்னதும் பயப்படாதீங்க, 3லிருந்து 5 சதவீதம்தான், கடைல விக்கற வினிகர் அளவு. ஒரு நிமிஷம் விட்டு பாப்பாங்க. செல் மாறிப்போன இடம் இருந்தா அது திட்டா வெள்ளையா தெரியும், ஏன்னா அந்த செல்லுக்குள்ள புரதம் ஜாஸ்தி, ஆசிட் பட்டதும் உறைஞ்சு வெளுக்குது. முட்டை வெள்ளைக்கரு வெந்தா வெளுக்குதில்ல, அது மாதிரி. இதுக்கு விஐஏன்னு பேரு. கொஞ்சம் எரிச்சல் இருக்கும், அம்புட்டுதான். வலிய விட கூச்சம்தான் பெரிசு, அத நான் மறைக்கல.

முப்பது வயசுக்கு மேல இருக்கறவங்க பண்ணிக்கலாம். வீட்டுக்கு விலக்கா இருக்கற நாள்ல போகாதீங்க. மாசமா இருந்தா முன்னாடியே நர்ஸம்மாகிட்ட சொல்லிடுங்க. அம்பது தாண்டி தீட்டு நின்னவங்களுக்கு இந்த டெஸ்ட் அவ்வளவு சரியா காட்டாது, பாக்க வேண்டிய இடமே உள்ள போயிடும், அவங்களுக்கு எச்பிவி டெஸ்ட்தான் நல்லது, இந்த கேன்சர உண்டாக்கற வைரஸ தேடற டெஸ்ட் அது, அத கீழ சொல்றேன்.

எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணியாச்சே, எதுக்கு?

இந்த கேள்வி வராத கேம்ப்பே கிடையாது. அந்த ஆபரேசன்ல கர்ப்பப்பைய தொடவே மாட்டாங்க, ட்யூப்ப கட்டறதோட சரி. வாய் அங்கயேதான் இருக்கு. கர்ப்பப்பையையே எடுத்தவங்கன்னா வேற கதை, வாயோட சேத்து எடுத்திருந்து, எடுத்த காரணம் கேன்சரோ அதுக்கு முந்தின மாற்றமோ இல்லன்னா பொதுவா தேவைப்படாது. ஆனா எதை எடுத்தாங்க எதை விட்டாங்கன்னு நிறைய பேருக்கு தெரியறதே இல்ல. டிஸ்சார்ஜ் சீட்ட தேடி எடுத்துட்டு போங்க.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே?

தொந்தரவு இல்லாதப்போ பண்றதுக்குத்தான் இந்த டெஸ்ட்டே. வைரஸ் உள்ள தங்கி, செல் மாறி, அது கேன்சராகறதுக்கு பத்து பதினஞ்சு வருஷம்கூட ஆகும். அந்த நீளமான காலம் முழுக்க ஒண்ணும் தெரியாது. தெரிய ஆரம்பிச்சா, அதாவது புருசன்கூட இருந்தப்புறம் ரத்தம், நாத்தத்தோட வெள்ளைப்படுதல், மாசத்துக்கு நடுவுல ரத்தம்னு வந்தா, கேம்ப்புக்காக காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடணும்.

முக்கியமா இன்னொன்னு, தீட்டு நின்னு அஞ்சாறு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் பட்டா, "கெழவி திரும்ப வயசுக்கு வந்துட்டா"ன்னு கிண்டல் பண்ணி சிரிச்சுட்டு விட்டுடறாங்க. எங்க தெருவுல ஒரு ஆயா அப்படி சிரிச்சுட்டே எட்டு மாசம் ஓட்டிட்டாங்க. அது சிரிக்கற விஷயமே கிடையாது, அந்த வாரமே காட்டணும்.

இது எதனால வருது? என் வீட்டுக்காரர் மேல சந்தேகப்படணுமா?

எச்பிவின்னு ஒரு வைரஸ்தான் காரணம். ஜெர்மனிக்காரர் ஹரால்ட் சுர் ஹவுசன் இத கண்டுபிடிச்சதுக்கு 2008ல நோபல் பரிசு குடுத்தாங்க. அதுல 16, 18னு ரெண்டு வகை மட்டுமே பத்துல ஏழு கேன்சருக்கு காரணம். உடலுறவு மூலமா பரவுது, அது உண்மை. ஆனா கல்யாணம் ஆன ஆம்பள பொம்பள பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கைல ஒரு தடவையாவது இது வந்து போயிருக்கும், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டி விட்டுடும். சில பேருக்குதான் தங்கிடுது. தங்கினது நேத்து வந்ததா இருபது வருஷம் முன்னாடி வந்ததான்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. அதனால ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு வீட்ல பஞ்சாயத்து வைக்காதீங்க. "கெட்ட நடத்தைல வர்ற நோய்"னு ஒரு பேச்சு ஊருக்குள்ள சுத்துது, அந்த பேச்சுக்கு பயந்துக்கிட்டே டெஸ்ட்டுக்கு வராதவங்க இருக்காங்க, எனக்கு அதுலதான் கோவமே வரும். ஒரே புருசனோட ஒரே வீட்ல வாழ்ந்தவங்களுக்கும் வரும்.

எச்ஐவி இருக்கற பெண்களுக்கு இந்த கேன்சர் ஆபத்து ஆறு மடங்கு. அவங்க 25 வயசுலயே ஆரம்பிச்சு அடிக்கடி பாக்கணும், எச்ஐவிக்கு மருந்து குடுக்கற ஏஆர்டி சென்டர்லயே கேளுங்க.

வெள்ளையா தெரியுதுன்னு சொல்லிட்டாங்க. அப்போ எனக்கு கேன்சரா?

கிட்டத்தட்ட எப்பவுமே இல்ல. புண்ணு, வீக்கம், சாதாரண மாற்றம் இதெல்லாம்கூட வெள்ளையா காட்டும். நம்ம மாவட்டத்துல நடந்த பெரிய ஆராய்ச்சில 31,343 பேருக்கு இந்த டெஸ்ட் பண்ணாங்க, 3,088 பேருக்கு வெள்ளையா தெரிஞ்சுது, அதாவது பத்துல ஒருத்தர். அதுல கேன்சர் வந்தவங்க ரொம்ப கொஞ்சம் பேர்.

ஆனா "இல்ல"ன்னு நான் சொல்றத கேட்டு நிம்மதியாகி வீட்லயே இருந்துட்டா, டெஸ்ட் பண்ணதே வேஸ்ட். எனக்கு தெரிஞ்சு இந்த விஷயத்துல உயிர் போறது இந்த எடத்துலதான். கேம்ப்புல பாத்தாச்சு, சீட்டு எழுதி "ஜிஎச்சுக்கு போய் காட்டுங்க"ன்னு குடுத்தாச்சு, அந்த சீட்டு சாமி படத்துக்கு பின்னாடி சொருகியிருக்கும். ஏன்னா போகணும்னா ஒரு நாள் கூலி போச்சு, பஸ்ஸு, சாப்பாடு, போன அன்னைக்கு அந்த டாக்டர் லீவு, "வியாழக்கிழமை வாங்க"ன்னுவாங்க, வியாழக்கிழமை பேத்திக்கு காய்ச்சல். நானே ஒருத்தங்கள மூணு தடவ கூட்டிட்டு போயிருக்கேன், மூணாவது தடவதான் டாக்டர பாக்க முடிஞ்சுது.

நம்ம மாவட்டத்துல ஆராய்ச்சியா? எப்போ?

ஆமா, நம்ம ஊர்க்காரங்களுக்கே தெரியாத விஷயம் இது. 2000ல ஆரம்பிச்சது. இங்க பக்கத்துல அம்பிளிக்கைல இருக்கற கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், அப்புறம் உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு, மூணும் சேந்து பண்ணாங்க. திண்டுக்கல் மாவட்டத்துல 114 ஊர் எடுத்து, சீட்டு குலுக்கற மாதிரி பாதிய டெஸ்ட் பண்ற ஊரு, பாதிய வழக்கம்போல இருக்கற ஊருன்னு பிரிச்சாங்க. 30லிருந்து 59 வயசு வரைக்கும். 2006 முடிய கணக்கு எடுத்தாங்க. டெஸ்ட் பண்ண ஊர்ல இந்த கேன்சர் வர்றது கால்வாசி குறைஞ்சுது, இதால சாவு 35 சதவீதம் குறைஞ்சுது. 30லிருந்து 39 வயசுக்காரங்கள மட்டும் எடுத்தா சாவு மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சிருக்கு. 2007ல உலகமே படிக்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு.

டெஸ்ட் பண்ணது டாக்டர் இல்ல, பயிற்சி குடுத்த நர்ஸுங்க. வெள்ளையா தெரிஞ்சா அன்னைக்கே பெரிசாக்கி பாக்கற கருவில பாத்து, சதை எடுத்து, அதுக்கு ஏத்தவங்களா இருந்தா அங்கயே அப்பவே குளிர் வச்சு அந்த இடத்த உறைய வச்சு அழிச்சுட்டாங்க. "அடுத்த வாரம் வாங்க"ங்கற பேச்சே கிடையாது. எனக்கு என்னமோ வினிகர விட இந்த ஒரு விஷயம்தான் உசுர காப்பாத்துச்சுன்னு தோணும்.

ஏன் அப்படி தோணுதுன்னா, மகாராஷ்டிரால உஸ்மானாபாத் மாவட்டத்துல கிட்டத்தட்ட அதே காலத்துல 1,31,746 பேர நாலு பிரிவா பிரிச்சு இன்னொரு ஆராய்ச்சி நடந்துச்சு. அங்க இதே வினிகர் டெஸ்ட்டால சாவு பெருசா குறையல. ஒரே ஒரு தடவ எச்பிவி டெஸ்ட் பண்ண பிரிவுலதான் சாவு பாதியாச்சு. மும்பைல குடிசைப் பகுதில கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் பேர வச்சு பண்ணதுல, பத்தாவது படிச்ச பொண்ணுங்களுக்கு நாலு வாரம் பயிற்சி குடுத்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வினிகர் டெஸ்ட் பண்ண வச்சாங்க, 31 சதவீதம் சாவு குறைஞ்சுது. ஒரே டெஸ்ட்டு, மூணு ஊர்ல மூணு பலன். யார் பாக்கறாங்க, எவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்தாங்க, பின்னாடி என்ன பண்ணாங்கங்கறதுல எல்லாம் மாறிடுது.

டெஸ்ட் பண்ணாத ஊர்க்காரங்க பாவம் இல்லையா?

இத எங்க குழுவுல ஒரு பொண்ணு கேட்டா, காலேஜ் படிக்கறவ. நல்ல கேள்வி. இந்த மூணு ஆராய்ச்சியிலயும் ஒப்பிட்டு பாக்கறதுக்காக டெஸ்ட் இல்லாம விட்ட பிரிவு இருந்துச்சு, அவங்கள்ல இறந்தவங்களும் உண்டு. அமெரிக்கால ஒரு டாக்டர் இத பெருசா எதிர்த்து எழுதினார், "அமெரிக்கால இப்படி விட்டிருப்பாங்களா"ன்னு. நடத்தினவங்க சொன்ன பதில், அப்போ இந்தியாவுல அந்த கிராமங்கள்ல எந்த டெஸ்ட்டும் கிடையாது, இருந்தத யாரும் பிடுங்கலன்னு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குற மாதிரிதான் எனக்கு தெரியுது, ஆனா வழக்கம்போல விட்ட ஊர்ல செத்தவங்க வீட்ல போய் இத சொல்ல எனக்கு வாய் வராது.

பாப் ஸ்மியர்ங்கறாங்களே, அது பெட்டர் இல்லையா?

நல்லா நடத்தற நாட்ல அதுதான் இந்த கேன்சர பல வருஷமா அடக்கி வச்சிருக்கு. ஆனா அதுக்கு சுரண்டி எடுத்தத கண்ணாடில தேச்சு, லேபுக்கு அனுப்பி, பாத்து சொல்ல பயிற்சி எடுத்த ஆளு வேணும், ரிசல்ட் வர நாளாகும், அதுக்குள்ள அந்தம்மா திருப்பூர் போயிருப்பாங்க. வினிகர் டெஸ்ட்ல ரிசல்ட் ஒரு நிமிஷத்துல. அதான் நம்ம மாதிரி ஊருக்கு இத கொண்டு வந்தாங்க. தமிழ்நாட்ல முதல்ல தேனி, தஞ்சாவூர் ரெண்டு மாவட்டத்துல பண்ணி பாத்துட்டு அப்புறம் எல்லா மாவட்டத்துக்கும் விட்டாங்க.

இப்போ உலக சுகாதார நிறுவனம் 2021லிருந்து சொல்றது எச்பிவி டெஸ்ட்தான் முதல்லன்னு. முப்பது வயசுக்கு மேல அஞ்சு பத்து வருஷத்துக்கு ஒரு தடவ போதும், வினிகர்னா மூணு வருஷத்துக்கு ஒரு தடவ. எச்பிவில இன்னொரு வசதி, பஞ்சு குச்சிய நம்மளே பாத்ரூம்ல போய் எடுத்துக் குடுக்கலாம், யாரும் பாக்க வேண்டாம். கூச்சப்படறவங்க பாதி பேர் இதுக்கு வந்துடுவாங்கன்னு நினைக்கறேன். விலைதான் பிரச்சனை.

எத்தனை பேர்தான் பண்ணிக்கறாங்க?

2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புல, 30லிருந்து 49 வயசுல ஒரு தடவயாவது இந்த டெஸ்ட் பண்ணவங்க இந்தியா முழுக்க நூத்துக்கு ரெண்டு பேர்கூட இல்ல, 1.9 சதவீதம். தமிழ்நாடு 9.8. நாம பெருமைப்பட்டுக்கலாம், பத்துல ஒம்பது பேர் பண்ணலங்கறத மறந்துட்டு! 2020ல மட்டும் இந்தியால ஒரு லட்சத்து 24 ஆயிரம் பேருக்கு புதுசா இது வந்திருக்கு, 77 ஆயிரம் பேர் இறந்திருக்காங்க.

வெள்ளையா தெரிஞ்ச இடத்த அழிக்கறது எப்படி? அப்புறம் குழந்தை பிறக்குமா?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கேஸ் வச்சு உறைய வைக்கறது. இன்னொன்னு சூடு வைக்கறது, நூறு டிகிரி சூட்டுல ஒரு முனைய முப்பது நாப்பது செகண்ட் வச்சு எடுப்பாங்க, பேட்டரிலயே ஓடற சின்ன மெஷின், கேஸ் சிலிண்டர தூக்கிட்டு அலைய வேண்டாம். கர்ப்பப்பை வாய்ல நரம்பு உணர்ச்சி கம்மி, அதனால மயக்க ஊசிகூட பெரும்பாலும் இல்லாமயே பண்றாங்க, வயித்த பிடிக்கற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு மாசம் தண்ணியா வெள்ளைப்படும், அது சகஜம். அந்த ஒரு மாசம் சேரக்கூடாது, இத புருசன்கிட்ட நர்ஸம்மாவையே சொல்ல வைங்க, நீங்க சொன்னா கேக்க மாட்டாங்க சில பேர். காய்ச்சல், நாத்தம், கட்டி கட்டியா ரத்தம்னா உடனே போங்க. குழந்தை பிறக்கறதுக்கு இதால தடை இல்ல. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி காட்டணும்.

சதை எடுத்து டெஸ்ட் பண்ணா கேன்சர் பரவிடுமாமே? கத்தி பட்டா அவ்வளவுதான்னு சொல்றாங்க.

கத்தி பட்டதால பரவல, கத்தி லேட்டா பட்டதால ஏற்கனவே பரவியிருந்துச்சு. முத்தினப்புறம் போய், சதை எடுத்து, ரெண்டு மாசத்துல இறந்தா, ஊர் கண்ணுக்கு சதை எடுத்ததுதான் தெரியும். கர்ப்பப்பை வாய்ல கடுகளவு எடுக்கறதால எதுவும் பரவாது.

கேன்சர்னே சொல்லிட்டா எங்க போறது? செலவு?

ஆரம்பத்துல பிடிச்சா ஆபரேசன். கொஞ்சம் தாண்டிட்டா கரண்டு வைக்கறது, அதான் கதிர்வீச்சு, அதோட வாரம் ஒரு மருந்து ஏத்துவாங்க, அஞ்சாறு வாரம் ஆகும், கடைசியா உள்பக்கமா கரண்டு வைப்பாங்க. அந்த உள்பக்க கரண்டு ரொம்ப முக்கியம், "வெளிய வச்சதே போதும், சரியாயிடுச்சு"ன்னு அத விட்டுட்டு வந்துடாதீங்க.

நம்ம பக்கத்துக்கு மதுரைல பெரியாஸ்பத்திரி, பாலரங்காபுரத்துல இருக்கற கேன்சர் ஆஸ்பத்திரி. வடக்க காஞ்சிபுரம் காரப்பேட்டைல அண்ணா பேர்ல இருக்கறது. சென்னைல அடையாறு. அடையாற ஆரம்பிச்சது முத்துலட்சுமி ரெட்டி அம்மா, சொந்தத் தங்கச்சிய கேன்சருக்கு பறிகுடுத்தவங்க, 1954ல பன்னெண்டு பெட்டோட குடிசை மாதிரி ஆரம்பிச்சது அது.

முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரைக்கும் இருக்கு. வருஷ வருமானம் 1,20,000க்கு கீழன்னு விஏஓகிட்ட சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல எடுக்கணும். தயவுசெஞ்சு நோய் வர்றதுக்கு முன்னாடியே எடுத்து வைங்க. நோயாளிய படுக்க வச்சுட்டு விஏஓ ஆபீஸ் வாசல்ல நிக்கறது கொடுமை. ரயில்ல கேன்சர் நோயாளிக்கு சிகிச்சைக்கு போக வர ஸ்லீப்பர்ல டிக்கெட் இலவசம், கூட போறவங்களுக்கு முக்கால்வாசி தள்ளுபடி, ஆஸ்பத்திரில அதுக்கு ஃபாரம் கையெழுத்து வாங்கணும்.

வைத்தியம் இலவசம்தான், ஆனா அஞ்சு வாரம் மதுரைல எங்க தங்கறது, ஆட்ட யார் பாக்கறது, இதுதான் நிஜ செலவு. எங்க குழுவுல கடன் ஃபார்ம்ல "மருத்துவம்"னு எழுதினா பெரும்பாலும் அது சோத்துக்கும் பஸ்ஸுக்கும்தான் போகுது. குழுல முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, யாராவது படுத்தா யார் ஆட்ட ஓட்டிட்டு போறதுன்னு.

புள்ளைக்கு எச்பிவி தடுப்பூசி போடலாமா? அத போட்டா குழந்தை பிறக்காதுங்கறாங்களே?

அது புரளி. போடலாம், 9லிருந்து 14 வயசுக்குள்ள போட்டா ரொம்ப நல்லது, வைரஸ் உடம்புல ஏறறதுக்கு முன்னாடி. நம்ம நாட்லயே புனே கம்பெனி தயாரிச்ச செர்வாவாக் 2023ல விக்க வந்துச்சு, அப்போ வெளிய ஒரு டோஸ் ரெண்டாயிரம் ரூபா. 2025 தமிழ்நாடு பட்ஜெட்ல 14 வயசு பொண்ணுங்களுக்கு போட 36 கோடி ஒதுக்கினாங்க, உங்க ஊர் நர்ஸம்மாகிட்ட, ஸ்கூல்ல கேளுங்க.

பயம் ஏன் வந்துச்சுன்னா அதுக்கு ஒரு கதை இருக்கு. 2009-10ல ஆந்திராலயும் குஜராத்லயும் ஒரு அமைப்பு பொண்ணுங்களுக்கு இத போட்டு பாத்துச்சு. ஏழு பொண்ணுங்க இறந்துட்டாங்க. விசாரிச்சா பாம்புக்கடி, தண்ணில மூழ்கினது, பூச்சிமருந்துன்னு ஊசிக்கு சம்பந்தமில்லாத காரணங்க. ஆனா ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு அப்பா அம்மாவ கேக்காம வார்டன் கையெழுத்துல போட்டிருந்தாங்க, அது பெரிய தப்பு, அந்த தப்புதான் ஊசி பேர கெடுத்துச்சு. 2010ல அரசாங்கம் நாடு முழுக்க இந்த ஊசி ஆராய்ச்சிய நிறுத்திடுச்சு. அப்போ இன்னொரு ஆராய்ச்சி, அம்பிளிக்கையும் அதுல ஒரு சென்டர், ரெண்டு டோஸா மூணு டோஸான்னு ஒப்பிட்டுட்டு இருந்தாங்க, பாதில நின்னதால ஆயிரக்கணக்கான பொண்ணுங்களுக்கு ஒரே டோஸோட போச்சு. சரின்னு அவங்களையும் விடாம பத்து வருஷம் பாத்தாங்க. ஒரு டோஸ் போட்டவங்களுக்கும் 16, 18 வகை தங்காம 95 சதவீதம் தடுத்திருக்கு! 2022ல உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸே போதும்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். நின்னுபோன வண்டில இருந்து வந்த சேதி, உலகத்துல எத்தனையோ ஏழை நாட்டுக்கு செலவு பாதியாச்சு.

ஊசி போட்டாலும் முப்பது வயசுல டெஸ்ட் உண்டு.

ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் இல்லையா?

இருக்கு, வாய் கேன்சர். காரணம் ஹான்ஸ், கூலிப், பான், வெத்தல பாக்கு. புகையில போடாம வெறும் பாக்கு போட்டாலும் கேன்சர் வரும், இத சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, கோயில்ல குடுக்கறது எப்படி கெடுதல்னு சண்டைக்கு வர்றாங்க. வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு, செவப்புத் திட்டு, மூணு வாரமா ஆறாத புண்ணு, வாய் முழுசா திறக்க முடியாம இறுகறது இதுல எது இருந்தாலும் காட்டுங்க. திருவனந்தபுரம் பக்கத்துல சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடா போய் டார்ச் அடிச்சு வாய பாத்தாங்க, புகையில, சாராயம் பழக்கம் இருக்கறவங்க மத்தில வாய் கேன்சர் சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. வெறும் டார்ச் லைட்டு!

மார்புக் கட்டிக்கும் அங்கயே பாப்பாங்களா?

பாப்பாங்க, அதே கேம்ப்ல நர்ஸம்மா கையால தடவி பாப்பாங்க. இப்போ தமிழ்நாட்ல பெண்களுக்கு வர்றதுல மார்புதான் முதல் இடம். வலிக்காத கட்டின்னா "வலிக்கலையே"ன்னு விடாதீங்க, வலிக்காததுதான் சந்தேகப்பட வேண்டியது.

நீங்க பண்ணிக்கிட்டீங்களா?

இத கேட்டது எங்க சித்தி, எல்லார் முன்னாடியும். நான் பண்ணியிருக்கல. நாலு வருஷமா ஊர கூட்டிட்டு போறேன், ஒவ்வொரு தடவையும் "நான் ரெஜிஸ்டர் எழுதணும்"னு வாசல்லயே நின்னுக்குவேன். சித்தி கேட்டதும் எல்லாரும் சிரிச்சுட்டாங்க, எனக்கு மூஞ்சி எங்க வைக்கறதுன்னு தெரியல. அடுத்த கேம்ப்புக்கு சித்தியும் நானும் இன்னும் ரெண்டு பேரும் ஆட்டோவ பங்கு போட்டு போனோம், எனக்கு வெள்ளையா தெரிஞ்சுது. அன்னைக்கு அந்த மெஷின் அங்க இல்ல, சீட்டு எழுதிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து நானும் அத சாமி படத்துக்கு பின்னாடிதான் வச்சேன். பத்து நாள் கழிச்சு சித்திதான் வந்து அத உருவி எடுத்து, "கெளம்புடி, எட்டே காலு பஸ்ஸு"ன்னாங்க.